நீ மிச்சம் வைத்த பட்டன்

நேற்றுக் காலை அந்தக் கண்ணாடி ஜாடியைத் திறந்தேன். மூடி பிடித்துக்கொண்டு வரவில்லை. பலம் கொடுத்துப் பக்கவாட்டில் நகர்த்தியதும் வாஸலின் வாசனை குப்பென்று வந்தது. உன் கை பூசிய வாஸலின். ஈரம் உள்ளே போகக் கூடாது என்று விளிம்பு முழுக்கத் தடவி வைப்பாய். அடியில் ஈரத்தை உறிஞ்சப் போட்டிருந்த, நீலமாக இருக்க வேண்டிய குருணை பாதி ரோஜா நிறமாகியிருந்தது. நீ இருந்திருந்தால் முதலில் அதற்குத்தான் என்னைக் கேள்வி கேட்டிருப்பாய். நீ போன பிறகு இந்த ஜாடியை நான் தொடவே இல்லை. தொட வேண்டி வரக் கூடாது என்று வேண்டிக்கொண்டுதான் இருந்தேன்.

திறக்க வைத்தது அண்ணன். வெள்ளிக்கிழமை வேலை முடிந்து நேராக என் வீட்டுக்கு வந்தான். வாசலிலேயே நின்று சட்டைக் காலரை இழுத்துக் காட்டினான். கழுத்தில் இடது பக்கம், தாடைக்குக் கீழே, பட்டாணி அளவுக்கு ஒரு கட்டி. வலி இல்லையாம். டாக்டர் ஊசி குத்தி எடுத்து அனுப்பிவிட்டாராம், செவ்வாய்க்கிழமை முடிவு தெரியுமாம். "பெரும்பாலும் ஒண்ணும் இருக்காதுன்னு சொன்னாரு" என்றான். அந்தப் 'பெரும்பாலும்' என்ற சொல்லை அவனே நம்பவில்லை.

எனக்குப் பயம் வந்தால் அது கோபமாகத்தான் வெளியே வரும், உனக்குத் தெரியும். ஏன் இத்தனை நாள் சொல்லவில்லை என்று அவன்மேல் பாய்ந்தேன். நான் கத்தி முடியும்வரை அவன் காத்திருந்துவிட்டு, மெதுவாகக் கேட்டான்: "அன்னைக்கு நீங்க ரெண்டு பேரும் அந்தப் பட்டன்ல பாத்தீகள்லா, அது சரிதான பிள்ள? மறுபடி ஒருதடவ பாக்க முடியுமா?"

"பாக்கேன்" என்றேன். அதனால்தான் இந்த ஞாயிற்றுக்கிழமை உன் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறேன். மெஷின் ஓடிக்கொண்டிருக்கிறது. திரையில் கோடு ஊர்ந்துகொண்டிருக்கிறது. அதையே பார்த்துக்கொண்டிருந்தால் பைத்தியம் பிடித்துவிடும் போலிருக்கிறது, அதனால் உனக்கு எழுதுகிறேன்.

நாம் இருவரும் இந்தக் கல்லூரியில் ஒரே வருஷம் வேலைக்குச் சேர்ந்தோம். நீ இயற்பியல், நான் வேதியியல். ஒரே வயது. ஆனாலும் கடைசிவரை நீ என்னை 'நீங்க' என்றுதான் சொன்னாய். 'நீ' என்று கூப்பிடு என்று எத்தனை முறை சண்டை போட்டிருப்பேன்! "எங்க ஊர்ல ஆட்டுக்குட்டியக்கூட வாங்க போங்கன்னுதானுங்க சொல்லுவோம்" என்று சிரிப்பாய். குன்னத்தூர்க்காரியிடம் சங்கரன்கோவில்காரி வாயில் ஜெயிக்க முடியுமா? சாயத் தண்ணீரைச் சுத்தம் செய்யும் ஆராய்ச்சிக்கென்று அந்த ஈபிஆர் மெஷினைக் கல்லூரி வாங்கியபோது, அதை நம் இருவர் தலையில் கட்டினார்கள். எலக்ட்ரான் பாராகாந்த ஒத்ததிர்வு என்ற முழுப் பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் பிரின்சிபாலுக்கு மூச்சு வாங்கும். நீயோ அதைச் 'சாமி' என்பாய். கோடு சரியாக வராத நாட்களில் அதன் தலையில் தட்டி, "கொஞ்சம் ஒத்துழைங்க சாமி" என்று கெஞ்சுவாய்.

அந்தப் புகைப்படம் வந்த அன்றும் நாம் அதன் முன்னால்தான் உட்கார்ந்திருந்தோம். அண்ணன் இதே திருப்பூரில், அருள்புரத்தில் ஒரு பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். மேசையில் துணியை அடுக்கடுக்காக விரித்து, மொத்தமாக வெட்டும் வேலை. வெட்டும்போது அடுக்கு நழுவாமல் இருக்க மேலே கனமாக எதையாவது வைப்பார்கள். இரும்புத் துண்டு, பழைய மெஷின் பாகம், எது கிடைத்தாலும் சரி. துரு துணியில் ஒட்டிவிடக் கூடாது என்று அதைப் பனியன் வேஸ்ட்டால் சுற்றிக் கட்டிவிடுவார்கள். அண்ணனிடம் அப்படி ஒன்று இருந்தது. முதலாளி வெளிநாட்டிலிருந்து வாங்கிப் போட்ட பழைய மெஷினிலிருந்து கழற்றியது, ஒரு படி அளவுக்கு உருண்டையாக, தூக்கினால் கை இறங்கும் கனம். வெட்டுக்கு அதைப் போல ஒன்று அமையாது என்று அவனே என்னிடம் பெருமையாகச் சொல்லியிருக்கிறான்.

அன்று சுற்றியிருந்த துணி நைந்து அவிழ்ந்திருக்கிறது. உள்ளே மஞ்சள் ஸ்டிக்கர் தெரிந்திருக்கிறது. படம் எடுத்து எனக்கு அனுப்பி, கூடவே குரலில் கேட்டிருந்தான்: "ஏ பிள்ள, இது என்ன அடையாளம்? ஃபேன் மாதிரி இருக்கு."

மூன்று இறக்கை. கதிரியக்கம் இருக்கிறது என்று எச்சரிக்கும் அடையாளம். நான் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். உன்னிடம் காட்டினேன். போனை என் கையிலிருந்து வாங்கி, நீயே அவனைக் கூப்பிட்டாய். "அண்ணா, அத அப்படியே வெச்சுப்போட்டு வெளிய வந்துருங்க. எல்லாரையும் கூட்டிட்டு வந்துருங்க. யாரும் அதத் தொடக் கூடாதுங்க." உன் குரல் அவ்வளவு சாதாரணமாக இருந்ததால்தான் விஷயம் பெரியது என்று எனக்குப் புரிந்தது.

துணியின் கனத்தைக் கதிர் வைத்து அளக்கும் கருவி அது. உள்ளே கதிர் விடும் ஒரு பொட்டு, அதை மறைக்க ஒரு சிறு கதவு. நாம் இருவரும் கம்பெனிக்கே போய் நின்றதும் முதலாளி நடுங்கிப்போனார். "ஏனுங்க டீச்சர், இத வெளிய சொன்னா ஆர்டரெல்லாம் போயிருமேங்க" என்றவர், நீ ஒரு பார்வை பார்த்ததும் அடங்கி, அவரே அதிகாரிகளுக்குப் போன் போட்டார். அவர்கள் மீட்டரோடு வந்து அந்த உருண்டையை எடுத்துப் போனார்கள். போகும்போது சொன்னதுதான் நம்மை உட்கார வைத்துவிட்டது. சிறு கதவு பாதி திறந்த நிலையில் துருப்பிடித்து நின்றிருக்கிறது. ஒரு பக்கமாகக் கதிர் வந்துகொண்டிருந்திருக்கிறது. அந்தப் பக்கம் எத்தனை நாள் அண்ணனைப் பார்த்து இருந்தது, எத்தனை நாள் சுவரைப் பார்த்து இருந்தது என்று யாருக்குத் தெரியும்? வெயிட்டை எந்தப் பக்கம் திருப்பி வைத்தோம் என்று எந்தக் கட்டிங் மாஸ்டர் நினைவில் வைத்திருப்பான்? ரத்தம் எடுத்து வெளியூர் லேபுக்கு அனுப்பினார்கள். முடிவு வர நாளாகும் என்றார்கள்.

அந்த நாட்களை இன்னொரு முறை என்னால் வாழ முடியாது. அண்ணனுக்கு வாயில் சாதாரணப் புண் வந்தாலும் கண்ணாடி முன்னால் நிற்பான். தலை சீவிவிட்டுச் சீப்பை வெளிச்சத்தில் பிடித்து முடியைப் பார்ப்பான். அதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். மகள் கயலைத் தூக்க மாட்டேன் என்றான், அதைத்தான் பொறுக்க முடியவில்லை. அவளுக்கு அப்போதுதான் ஓட்டமும் பேச்சும் வந்திருந்தது. அப்பா வரும் வண்டிச் சத்தம் கேட்டதும் ஓடிவந்து காலைக் கட்டிக்கொள்வாள். அவன் அவள் கைகளைப் பிரித்துவிட்டு, பின்னாலேயே நகர்ந்து மொட்டை மாடிக்கு ஏறிவிடுவான். சாப்பாடும் மாடிக்குப் போயிற்று. படுக்கையும் போயிற்று. இது ஒட்டுகிற நோய் இல்லை, மேலே பட்டது பட்டதோடு சரி, உன்னிடமிருந்து யாருக்கும் பரவாது என்று நான் தொண்டை கிழியச் சொன்னேன். "நீ எனக்கு ஆறுதலுக்குச் சொல்லுத" என்றான். மதினி அழுவதற்குக்கூடப் பயந்தாள். கயல் மாடிப்படியின் கீழ்ப்படியில் உட்கார்ந்து, "அப்பா என்மேல கோவம்" என்று போவோர் வருவோரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

இதை உன்னிடம் சொல்லி நான் அழுத அன்று, நீ சம்பந்தமே இல்லாமல் ஒன்று கேட்டாய்.

"உங்கண்ணன் வேலைக்கு என்ன சட்டைங்க போட்டுட்டுப் போவாரு?"

திருப்பூரில் இதையெல்லாம் கேட்பார்களா? கம்பெனியில் ரிஜெக்ட் ஆன பீஸ்தான் வேலைச் சட்டை. அவன் போட்டுக்கொண்டிருந்தது காலர் வைத்த ஊதா டி-சர்ட். தையல் கோணியதால் ஒதுக்கப்பட்டது. உயர்ந்த ரக ஆர்டர் என்பதால் அதில் பிளாஸ்டிக் பட்டன் இல்லை, சிப்பிப் பட்டன். கழுத்துக்குக் கீழே மூன்று. நீ மேசையைத் தட்டினாய். சிப்பி சுண்ணாம்பு. கதிர் பட்டால் அதற்குள் சில எலக்ட்ரான்கள் ஜோடி பிரிந்து மாட்டிக்கொள்ளும். வெளியே வர வழி தெரியாமல் அங்கேயே கிடக்கும், நம் ஆயுசு முடிந்த பிறகும் கிடக்கும். ஜோடி இல்லாமல் தனியாக நிற்கும் எலக்ட்ரானைக் கண்டுபிடிப்பதுதானே நம் சாமியின் ஒரே வேலை! காந்தத்துக்கு நடுவில் வைத்து மைக்ரோவேவ் அனுப்பினால் திரையில் ஒரு கோடு ஏறி இறங்கும். அதன் உயரத்தைப் பார்த்து எவ்வளவு கதிர் பட்டது என்று சொல்லிவிடலாம். அண்ணனின் நெஞ்சுக்கு நேராக அத்தனை மாதமும் அந்தப் பட்டன்கள் இருந்திருக்கின்றன.

"சொல்லிவிடலாம்" என்று இப்போது சுலபமாக எழுதிவிட்டேன். முதல் பட்டனை நீ அரைத்துப் பொடியாக்கிக் குழாயில் போட்டு வைத்தாய். திரையில் கோடு எழுந்தது. எழுந்தது என்றால், மலை மாதிரி எழுந்தது. அந்த உயரத்துக்குக் கணக்குப் போட்டால் என்ன வரும் என்று எனக்கும் தெரியும், உனக்கும் தெரியும். அண்ணனை அந்த நிமிஷமே இழந்துவிட்டது போலிருந்தது எனக்கு. கயலின் முகம், மதினியின் முகம், ஊரில் இருக்கும் அம்மாவுக்கு யார் சொல்வது என்ற கேள்வி, எல்லாம் ஒரே நேரத்தில். உன்மேல்தான் கத்தினேன். உன்னை யார் அளக்கச் சொன்னது, தெரியாமலே இருந்திருப்போமே என்றேன். நீ திரையை விட்டுக் கண்ணை எடுக்காமல், "வீட்டுக்குப் போங்க. யார்கிட்டயும் ஒண்ணும் சொல்லாதீங்க" என்றாய்.

அன்று வீட்டுக்குப் போனேனே தவிர, எதைச் சாப்பிட்டேன், எங்கே படுத்தேன் என்று நினைவில்லை. மறுநாள் நீ எனக்கு முன்பே வந்து உட்கார்ந்திருந்தாய். கண்ணெல்லாம் சிவந்திருந்தது. முதலாளியிடம் போய், பெட்டியில் பிரிக்காமல் கிடந்த புதுப் பட்டன் ஒரு கை வாங்கி வந்திருந்தாய். கட்டிங் மேசையைக் கண்ணால்கூடப் பார்க்காத பட்டன்கள். அதில் ஒன்றை அதே மாதிரி அரைத்து, அதே குழாயில் போட்டு, என் கண் முன்னால் ஓட்டினாய். அதே மலை எழுந்தது.

"நேத்து வந்த சிக்னல் உங்கண்ணனோடது இல்லீங்க" என்றாய். "நான் அரைச்ச அரைப்புல வந்ததுங்க. நானே உண்டு பண்ணிப்போட்டு நானே பயந்துபோட்டனுங்க."

அரைக்கும்போது விழும் அடியும் சூடும் சிப்பிக்குள் அதே மாதிரி எலக்ட்ரான்களைப் பிரித்துவிட்டிருந்தன. நான் நாற்காலியில் உட்கார்ந்து சிரித்தேன், பிறகு அழுதேன். நீ சிரிக்கவில்லை. "சந்தோசப்படாதீங்க. அவரோட சிக்னல் இதுக்குள்ள ஒளிஞ்சிருக்கலாமுங்க" என்றாய். பாவி, ஒரு நிமிஷம் நிம்மதியாக இருக்க விடமாட்டாயே என்று நினைத்தேன்.

அதற்குப் பிறகு நீ அளந்ததுதான் அளவு. நேற்றிலிருந்து நானும் அந்த வழியில்தான் போய்க்கொண்டிருக்கிறேன், உன்னைப் போல் பொறுமையாக இல்லை. பட்டனை அரைக்காமல், தண்ணீருக்குள் வைத்து மெல்லிய பிளேடால் அறுப்பது. அறுத்த முகத்தை லேசான அமிலத்தில் கழுவி, அடிபட்ட மேல்தோலை நீக்குவது. ஈரம் துளி இருந்தாலும் மைக்ரோவேவைக் குடித்துவிடும் என்பதால் ஜாடிக்குள் நன்றாகக் காய வைப்பது. குழாயில் கோடு கிழித்து ஒவ்வொரு முறையும் அதே ஆழத்துக்கு இறக்குவது. துண்டு எந்தப் பக்கம் பார்த்து நிற்கிறதோ அதைப் பொறுத்து உயரம் மாறும் என்று குழாயைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பித் திருப்பி ஓட்டுவது. சிக்னல் சின்னதாக இருக்கிறதே, மாடுலேஷனைக் கூட்டேன் என்று நான் அவசரப்பட்டபோது நீ என் கையைத் தட்டிவிட்டாய். "மைக்க கூட்டி வெச்சா பேச்சு தெளிவாகாதுங்க, எரைச்சல்தான் கூடும்." கூட்டினால் கோடு பெரிதாகும், கூடவே அகலமாகி உருவம் கெட்டுவிடும். பெரிதாகத் தெரிவதெல்லாம் உண்மை என்று பயந்த மனசு நம்பிவிடும்.

வெயிலும் உனக்குச் சந்தேகம்தான். அண்ணனின் சட்டை அத்தனை மாதம் துவைத்து மாடிக் கொடியில் காய்ந்தது. வெயிலே ஒரு சிக்னலைக் கொடுத்தால்? பெட்டியில் இருந்த புதுப் பட்டன் வெயிலைப் பார்க்கவில்லையே. அதே கம்பெனியில் தையல் மெஷின் ஓட்டும் அக்கா ஒருத்தி, அதே லாட் ரிஜெக்ட் டி-சர்ட்டைத்தான் சேலைக்கு மேல் போட்டுக்கொண்டு வேலைக்குப் போவார். அந்தச் சட்டையும் வெயிலில்தான் காய்ந்தது, ஆனால் அவர் இடம் கட்டிங் மேசைக்கு வெகுதூரம், வேறு மாடி. நீ அவர் வீட்டுக்கே போய் நின்றாய். "அக்கா, உங்க சட்டைப் பட்டன் வேணுமுங்க. பதிலுக்குப் புதுசு நானே தெச்சுத் தர்றனுங்க." அந்த அக்கா உன்னை ஏற இறங்கப் பார்த்து, படித்தவர்களுக்கு இப்படியும் ஒரு கிறுக்கு பிடிக்குமா என்ற முகத்தோடு கழற்றிக் கொடுத்தார். அந்தப் பட்டனைத்தான் அண்ணனின் பட்டனுக்குப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டோம்.

கோடு மட்டும் அடங்கவே இல்லை. இடையிடையே பல் பல்லாகத் துள்ளிக்கொண்டே இருந்தது. பக்கத்து நிட்டிங் கம்பெனியின் கம்ப்ரஸர் ஓடும்போதெல்லாம் துள்ளுகிறது என்று கண்டுபிடித்தது நீதான். சுவரில் காதை வைத்து, கையால் தாளம் போட்டுக்கொண்டே திரையைப் பார்த்துக் கண்டுபிடித்தாய். அன்றிலிருந்து நம் அளவெல்லாம் ஞாயிற்றுக்கிழமை. சனிக்கிழமை சம்பளம் வாங்கி ஊரே கறிக்கடையில் நிற்கும் காலை நேரத்தில், நாம் இருவரும் இங்கே. கோயம்புத்தூரில் புற்றுநோய்க்குக் கதிர் வைக்கும் ஓர் ஆஸ்பத்திரியில் உன் சித்தப்பா மகன் வேலை பார்த்தார். அவரிடம் புதுப் பட்டன்களைக் கொடுத்து, ஒவ்வொன்றுக்கும் ஓர் அளவு என்று தெரிந்த கதிரைப் பாய்ச்சி வாங்கி வந்தாய். எவ்வளவு பட்டால் எவ்வளவு உயரம் என்று அப்போதுதான் நமக்குப் புரிந்தது. அதில் மிகக் குறைவாகக் கதிர் வாங்கிய பட்டன், ஒன்றும் வாங்காத பட்டனைப் போலவே தெரிந்தது. நீ அதைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தாய். "இதுக்குக் கீழ நமக்குத் தெரியாதுங்க. இத நாம மறக்கக் கூடாது" என்றாய்.

அண்ணனின் இரண்டாவது பட்டனில் ஒன்றும் இல்லை. மூன்றாவதிலும் இல்லை. இத்தோடு போதும் என்று நான் எழுந்துவிட்டேன். நீ சட்டையை உள்பக்கம் திருப்பினாய். இடுப்புப் பக்கத் தையலில், துவைக்கும் முறை எழுதிய லேபிளில், உபரியாக ஒரு பட்டன் தைத்திருந்தது. அறுந்தால் மாற்றிக்கொள்வதற்கு எல்லா எக்ஸ்போர்ட் பீஸிலும் தைப்பார்களே, அது. நான் பார்த்ததே இல்லை. மேசையில் சாய்ந்து வெட்டும் ஆளுக்கு அது சரியாக மேசை மட்டத்தில் வரும். அந்த உருண்டை இருந்த மட்டத்தில். மற்ற பட்டன்களில் இல்லாதது இதில் இருக்கலாம் என்று நீ சொல்லாமலே எனக்குப் புரிந்தது. வேண்டாம், விட்டுவிடு என்றேன். நீ நூலை அறுத்தாய். பட்டனைத் தண்ணீருக்குள் வைத்துப் பாதியாக்கினாய். ஒரு பாதியை மட்டும் குழாயில் போட்டாய்.

"இன்னொரு பாதி?"

"இருக்கட்டுமுங்க. நாளைக்கு வேற யாராச்சும் நம்மள நம்பாமப் பாக்கணும்னா வேணுமில்லீங்க?"

அந்த யாராச்சும் நானாக இருப்பேன் என்று நினைத்துச் சொன்னாயா, தெரியவில்லை.

அதில் கோடு இல்லை. இரைச்சல் மட்டும்தான். அன்று மதியமே அண்ணன் வீட்டுக்குப் போனோம். பஸ்ஸில் நான் உன்னிடம் திரும்பத் திரும்பச் சொன்னேன்: ஒன்றும் இல்லை என்று சொல்லிவிடு, அவனுக்கு அது போதும், மற்ற விளக்கமெல்லாம் வேண்டாம். நீ ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டு வந்தாய். வீட்டில் நம் இருவரையும் கட்டிலில் உட்கார வைத்துவிட்டு, அவன் மாடியிலிருந்து இறங்கிவந்து, எட்டிச் சுவரோரம் நின்றான். மதினி அடுப்படி வாசலில். கயல் அவள் சேலையைப் பிடித்துக்கொண்டு.

"அண்ணா, நாங்க தேடுன கோடு பட்டன்ல இல்லீங்க. பெருசா ஏதாச்சும் உங்க மேல பட்டிருந்தா கண்டிப்பாத் தெரிஞ்சிருக்கும். அப்படிப் படலீங்க."

"அப்ப சுத்தமா ஒண்ணுமே இல்லைங்கீகளா?"

நான் உன்னைப் பார்த்தேன். சொல்லேன், தாயே, சொல்லிவிடேன்.

"அப்படிச் சொல்ல முடியாதுங்க. எங்க மெஷினுக்கு ஒரு எல்லை இருக்குதுங்க. அதுக்குக் கீழ கொஞ்சமா இருந்தா அதுக்குக் கண்ணு தெரியாதுங்க. இல்லவே இல்லைன்னு நான் சொன்னா, அது பொய்யுங்க."

உன்னைக் கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளலாமா என்றுகூட எனக்குத் தோன்றியது. அண்ணன் சுவரைப் பிடித்துக்கொண்டான். பிறகு, என்னிடம் கேட்டுக் கேட்டு நான் சொல்லிச் சொல்லி அவன் நம்பாத அந்தக் கேள்வியை உன்னிடம் கேட்டான்.

"பிள்ளையத் தொட்டா அவளுக்கு ஒண்ணும் ஆகாதா?"

"ஒண்ணும் ஆகாதுங்க. உங்ககிட்ட இருந்து அவளுக்கு எதுவும் போகாது. அதுக்கு மெஷினே வேண்டாங்க, எனக்கு நல்லாத் தெரியும்."

அண்ணன் கீழே உட்கார்ந்து, "கயலு, இங்க வா" என்றான். அவள் உடனே வரவில்லை. அத்தனை நாள் விலக்கி விலக்கி அவளுக்கும் சந்தேகம் வந்துவிட்டிருந்தது. "போங்க கண்ணு, அப்பாகிட்டப் போங்க" என்று நீதான் சொன்னாய். போனாள். அவன் அவளைத் தூக்கி, அவள் தலையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு விம்மினான். வெகுநாள் கழித்து என்னிடம் ஒருமுறை சொன்னான்: "அந்தப் பிள்ள, சுத்தமா ஒண்ணும் இல்லன்னு சொல்லிருந்தா நான் நம்பிருக்க மாட்டேன். எனக்குப் பிடிக்காதத மூஞ்சிக்கு நேரா சொல்லிச்சுல்லா, அதான் மத்ததையும் நம்புனேன்." ரத்தப் பரிசோதனை முடிவும் பிறகு அப்படியேதான் வந்தது. குறிப்பிடும்படி எதுவும் இல்லை என்று எழுதியிருந்தது.

அதன்பிறகு நல்ல வருஷங்கள் சில இருந்தன. கயல் பள்ளிக்கூடம் போனாள். நான் பயத்தை மறந்தேன், நீ ஜாடிக்கு வாஸலின் தடவினாய். பிறகு ஒரு மழைக்காலத்தில் உனக்குக் காய்ச்சல் வந்தது. டெங்கு என்றார்கள். ஆஸ்பத்திரியில் உன்னைப் பார்க்க வந்தபோது, தட்டணுக்கள் குறைந்துவிட்டதாக நர்ஸ் சொல்ல, நீ முனகிய குரலில், "மறுபடி ஒருக்கா எடுத்துப் பாத்தீங்களா?" என்று கேட்டாய். நர்ஸ் என்னைப் பார்த்தார், நான் சிரித்துவிட்டேன். இரண்டாம் முறையும் அதேதான் வந்தது. நீ இப்படிப் போய்விடுவாய் என்று தெரிந்திருந்தால் அன்று சிரித்திருப்பேனா? கதிருக்குப் பயந்தோம், அணுவுக்குப் பயந்தோம், ஒரு கொசுவுக்குப் பயப்பட நம் இருவருக்கும் தோன்றவே இல்லை.

இப்போது மாலை. ஓட்டி முடித்துவிட்டேன். குருணையைச் சூடாக்கி நீலமாக்கி, அந்த மிச்சப் பாதியை நேற்று முழுக்கக் காய வைத்து, உன் கோடு வரை குழாயை இறக்கி, திருப்பித் திருப்பிப் பார்த்தாகிவிட்டது. அக்காவின் பட்டனையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். ஒவ்வொரு முறையும் கோடு அந்த இடத்தை நெருங்கும்போது திரைக்கு இன்னும் கிட்டே குனிந்தேன். அந்த இடத்தில் ஒன்றும் எழவில்லை. அன்று வந்ததுதான் இன்றும்.

அண்ணன் போன் செய்யச் சொல்லியிருந்தான். ஆனால் பொறுக்காமல் நேரிலேயே வந்துவிட்டான். கதவைத் திறந்து, செருப்பைக் கழற்றாமலே நின்றான். ஒன்றும் இல்லை என்று சொல்லிவிட என் நாக்கு துடித்தது. ஒரே ஒரு வார்த்தை. செவ்வாய் வரை அவன் தூங்கலாம், நானும் தூங்கலாம்.

"அன்னைக்குச் சொன்னதேதான்" என்றேன். "பெருசா எதுவும் படல. கொஞ்சமாப் பட்டிருந்தா இந்த மெஷினுக்குத் தெரியாது. கழுத்துல இருக்கது என்னன்னு பட்டன் சொல்லாது. அத டாக்டர்தான் சொல்லணும்."

அவன் தலையை ஆட்டினான். உன் நாற்காலியைப் பார்த்தான், திரையைப் பார்த்தான். "செவ்வாக்கெழம நீயும் கூட வா" என்றான். வருகிறேன் என்றேன். கதவு வரை போனவன் திரும்பினான்.

"நீ சொல்லும்போது குரல் நடுங்குது பிள்ள. அந்தப் பிள்ளைக்கு அன்னைக்குக் கொஞ்சங்கூட நடுங்கல."

அவன் வண்டிச் சத்தம் போய்விட்டது. அவனுக்கு எப்படித் தெரியும்? அன்று கட்டிலில் நாம் ஒட்டி உட்கார்ந்திருந்தோம். "அப்படிச் சொல்ல முடியாதுங்க" என்று நீ வாயைத் திறப்பதற்கு முன்பே, உன் முந்தானைக்கு அடியில் என் கையைத் தேடிப் பிடித்துவிட்டாய். உன் கை ஜில்லிட்டுப் போயிருந்தது. நீ பேசி முடிக்கும்வரை, அவன் கயலைத் தூக்கும்வரை, அது விடாமல் நடுங்கிக்கொண்டே இருந்தது. என் விரல் வலிக்கும்படி இறுக்கினாய். அந்த வலி இன்னும் என் விரலில் இருக்கிறது.

செவ்வாய்க்கிழமை டாக்டர் அறையில் அண்ணனுக்குப் பக்கத்தில் நான் உட்கார்ந்திருப்பேன். அவர் என்ன சொன்னாலும் அதைக் கூட்டாமல் குறைக்காமல் அவனுக்குப் புரியும்படி சொல்வேன். குரலை எப்படியாவது பார்த்துக்கொள்வேன். பிடித்துக்கொள்ளத்தான் எனக்கு ஒரு கை இல்லை.